தராசுக்கு வந்த பெயர்க் குழப்பம்

தந்தி இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, கம்பியோ மின்சாரமோ சம்பந்தப்பட்ட எந்தச் சங்கடத்துக்கும் மருந்து தெரிந்திருக்கும் என்று நம்புகிற உறவினர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமலும், உண்மையைச் சொன்னால் அந்த வேலையில் எனக்குள்ள சபலம் தீராமலும், அழைத்த இடத்துக்கெல்லாம் பழைய தோல்பையைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன். 2023ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அப்படி ஓர் அழைப்பு ஈரோட்டிலிருந்து வந்தது. என் தங்கை மகன் அங்கே மஞ்சள் மண்டி வைத்திருக்கிறான். புது மஞ்சள் வரத்துத் தொடங்கியிருந்த சமயம்.

“மாமா, தராசு நல்லாத்தான் காட்டுதுங்க. கம்ப்யூட்டருக்குத்தான் எடை வர மாட்டேங்குதுங்க. கேபிள் போச்சுன்னு ரெண்டு புதுக் கேபிள் வாங்கியாந்து போட்டாச்சு. அதுலயும் இல்லீங்க.”

“நேத்து அதுல என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்களே மாமா.”

பெருந்துறையிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்து விசாரித்தபோது, கணக்கு எழுதும் பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்துமுன், பல நாளாகத் திரையில் வந்து கெஞ்சிக்கொண்டிருந்த ஓர் அறிவிப்புக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான் என்பதும், இரவோடிரவாக அந்தக் கம்ப்யூட்டர் உபுண்டு 20.04 என்ற நிலையிலிருந்து 22.04 என்ற நிலைக்கு ஏறிவிட்டது என்பதும் தெரியவந்தன. அதைத்தான் அவர்கள் ‘ஒன்றும் பண்ணவில்லை’ என்றார்கள். குற்றம் சொல்வதற்கில்லை, காலையில் திரையின் படம் மட்டும் மாறியிருந்தது, மற்றபடி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

இந்த மண்டியில் எடை எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று சொல்லிவிட வேண்டும். மூட்டையைத் தூக்கி வைக்கும் மேடைத் தராசு ஒன்று. அதன் தலைமாட்டில் சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் முதுகில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட். அங்கிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, வழியில் யுஎஸ்பியாக உருமாறி, கம்ப்யூட்டரில் நுழைகிறது. விரலி மஞ்சளோ கிழங்கு மஞ்சளோ, மூட்டை மேடையில் ஏறி எண் அசையாமல் நின்றவுடன், மனிதர் கை படாமலே எடை ரசீதில் அச்சாகிவிடும். இரண்டு வருஷமாக அப்படி நடந்து வந்ததனால், அன்று காலையில் பையன் எடையைப் பேனாவால் எழுதத் தொடங்கியதும், கொண்டுவந்த குடியானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்பு எண்ணும் பேனா எழுதிய எண்ணும் ஒன்றாகவே இருந்தன. இருந்தாலும் ஐயம் புகுந்துவிட்டது. மருமகனுடைய அவசரத்துக்கு அதுதான் காரணம்.

கம்பியில் பழுது தேடுகிறவனுக்குத் தந்தி இலாகாவில் சொல்லிக்கொடுத்த உபாயம் ஒன்றே ஒன்று: பாதையைப் பாதியில் வெட்டு, எந்தப் பாதி பேசுகிறது என்று பார், பேசாத பாதியை மறுபடி பாதியாக்கு. தராசை எடையளவுத் துறையின் முத்திரை இட்டு மூடியிருக்கிறார்கள், அதைத் திறக்கும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் அதன் வாயில் நின்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. மல்டிமீட்டரின் ஒரு கம்பியை ஐந்தாம் ஊசியிலும், மற்றதைத் தரவு புறப்படுகிற ஊசியிலும் வைத்துப் பார்த்தேன். மைனஸ் ஆறு வோல்ட்டுக்குக் கிட்டே ஓர் எண் வந்து, நிலைகொள்ளாமல் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே தத்தளித்தது.

மருமகனுக்கு மைனஸ் என்றதும் முகம் வாடிவிட்டது, ஏதோ நஷ்டக் கணக்கு என்று நினைத்துவிட்டான். விஷயம் நேர்மாறானது. 1960ஆம் வருஷம் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்ற பெயரில் வகுக்கப்பட்டு, 1969இல் செப்பம் செய்யப்பட்ட இந்த விதியின்படி, கம்பி சும்மா இருக்கும்போது மைனஸ் மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கும், அதற்கு ‘மார்க்’ என்று பெயர். பிளஸ் மூன்றுக்கு மேலே தாவினால் அது ‘ஸ்பேஸ்’. இந்த இரண்டு சொற்களும் தந்திக்காரர்களுடையவை, கம்ப்யூட்டரே பிறவாத காலத்தில் காகித நாடாவில் மை பட்ட இடமும் படாத இடமுமாக இருந்தவை. ஆகவே மைனஸ் ஆறு என்பது உயிரோடிருக்கிறேன் என்று தராசு சொன்ன வார்த்தை. அந்தத் தத்தளிப்போ, விநாடிக்குப் பல தடவை எடையை அது ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பதன் அடையாளம், மீட்டருக்கு அத்தனை வேகம் இல்லாததனால் சராசரியைக் காட்டித் தடுமாறுகிறது. தராசுப் பாதி குற்றமற்றது என்று தீர்ந்தது.

மீதிப் பாதியில் பையன் ஏற்கெனவே பலவிதமான பிரயத்தனங்கள் செய்து பார்த்திருந்தான். ரசீது போடும் நிரலின் பட்டியலில் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற பழைய பெயர் காணாமற்போயிருக்க, ‘டிடிஒய்எஸ்0’ தொடங்கி ‘டிடிஒய்எஸ்31’ வரை முப்பத்திரண்டு பெயர்கள் அணிவகுத்து நின்றிருக்கின்றன. இவற்றில் ஒன்றாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, தராசில் ஒரு மூட்டையை ஏற்றி இறக்கி, முப்பத்திரண்டையும் சோதித்திருக்கிறான். மூட்டை தூக்கியவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. அந்தப் பெயர்கள் கம்ப்யூட்டரின் பலகையிலேயே சீரியல் போர்ட் இருக்குமானால் அதற்கென்று முன்கூட்டியே போட்டுவைத்த நாற்காலிகள். பெரும்பாலும் அவற்றில் உட்கார ஆளே கிடையாது. அதுவும் பலிக்காமற்போகவே, யாரோ சொன்னார்கள் என்று ‘டயல்அவுட்’ என்கிற குழுவில் தன் பெயரைச் சேர்த்துவிட்டு மறுபடி புகுந்து பார்த்திருக்கிறான். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி வேண்டுமென்பது மெய்தான், அனேக இடங்களில் அந்த யோசனை பலிக்கவும் பலிக்கும். ஆனால் கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி செய்து என்ன பிரயோஜனம்?

‘டிடிஒய்’ என்பது என்ன என்று அவன் கேட்டான். டெலிடைப் என்பதன் சுருக்கம், அதாவது நான் வாழ்நாளெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்த டெலிபிரிண்டரின் பங்காளி, என்று சொன்னபோது அவன் மரியாதைக்காக வியந்தான். தந்தி சேவையை 2013 ஜூலையில் மூடி மாலை போட்டுவிட்டார்கள், ஆனால் உலகத்திலுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் அதன் பெயர் இன்னும் வாசலில் எழுதியிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

யுஎஸ்பி வழியாக வந்த சாதனங்களைப் பட்டியலிடும்படி கேட்டேன். ‘1ஏ86 : 7523’ என்ற எண்ணோடு, சிஎச்340 என்ற சில்லைக் கொண்ட சீரியல் மாற்றி அங்கே இருந்தது. அந்தச் சில்லுக்குரிய, சிஎச்341 என்ற பெயர்கொண்ட இயக்கி நிரலும் நினைவகத்தில் ஏறியிருந்தது. கேபிள் கண்ணுக்குத் தெரிகிறது, அதோடு பேசத் தெரிந்தவனும் வீட்டில் இருக்கிறான், ஆனால் இருவரும் சேர்ந்து உண்டாக்க வேண்டிய வாசல் மட்டும் இல்லை. ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று நாம் பொதுப்படையாகச் சொல்லுகிற ஒரே வார்த்தைக்குள், பார்த்தல், இன்னாரென்று அறிதல், பெயரிடுதல், அந்தப் பெயரை நிலைக்கவிடுதல் என்று நான்கு காரியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதும், எந்தப் படியில் தடுக்கி விழுந்தது என்று தெரியாமல் சிகிச்சை செய்யக்கூடாது என்பதும் இந்த இடத்தில்தான் உறைத்தது. புதிதாக வாங்கிய இரண்டு கேபிள்களையும் மாற்றி மாற்றிச் செருகினேன். மூன்றுக்கும் அதே எண். மேலே உறையின் நிறம் வேறு, விலை வேறு, உள்ளே இருந்த சில்லு ஒன்றே. சந்தேகத்துக்கு ஆளானவனை விலக்கிவிட்டு அவனுடைய இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘பாருங்கள், இவனாலும் ஆகவில்லை, ஆகவே குற்றம் வேறிடத்தில்’ என்று தீர்ப்புச் சொல்லுவதைப் போன்றதுதான் அந்தக் கேபிள் பரீட்சை. தற்செயலாகத் தீர்ப்புச் சரியாக இருந்தது, ஆனால் சாட்சியம் செல்லாது.

பிறகு செய்ய வேண்டியது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது. கர்னல் எழுதும் நாட்குறிப்பு ‘டிமெஸ்க்’ என்ற கட்டளையால் வெளிப்படும். அதை ஓடவிட்டுத் திரையில் கண் வைத்துக்கொண்டு, பையனைக் கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். செருகிய க்ஷணத்தில் வரிகள் பிறந்தன. புதுச் சாதனம் வந்தது என்று ஒன்று. அதற்கு அடுத்ததைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்: சிஎச்341 மாற்றி ‘டிடிஒய்யுஎஸ்பி0’ உடன் இணைக்கப்பட்டது. இணைக்கப்பட்டதாமே! வாசல் பிறந்திருக்கிறது. ஒரு விநாடி போயிருக்கும். அடுத்த வரியில், ‘பிரெயில்டிடிஒய்’ என்ற ஒருவர் இந்தச் சாதனத்தைத் தம் அமைப்புக்கு மாற்ற முனைகிறார், இதுவோ சிஎச்341 வசம் இருக்கிறது என்ற ஆட்சேபம் பதிவாகியிருந்தது. அதற்கடுத்த வரி, மாற்றி டிடிஒய்யுஎஸ்பி0விலிருந்து விலக்கப்பட்டது. அவ்வளவுதான். ரசீது நிரல் எட்டிப் பார்க்குமுன் பிறந்ததும் மறைந்ததும் முடிந்துவிட்டன.

“பொறந்து பேரும் வெச்சப்புறம் யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்றேன்.

“வைரஸுங்களா மாமா?”

வைரஸ் இல்லை. பிரெயில்டிடிஒய் என்பது கண்பார்வை அற்றவர்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரைக் கையாளுவதற்கென்று செய்யப்பட்ட, மிகவும் உயர்ந்த நோக்கமுடைய ஒரு நிரல். திரையிலுள்ள எழுத்துக்களை அது பிரெயில் புள்ளிகளாக மாற்றி, ஒரு தட்டையான கருவிக்கு அனுப்பும். அந்தக் கருவியில் வரிசையாக உள்ள சிறு கட்டங்களில் நுண்ணிய முட்கள் எழுந்தும் அமிழ்ந்தும் எழுத்துக்களாக நிற்க, விரலால் தடவி வாசித்துக்கொள்ளலாம். கண் தெரியாதவர் தமது கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால், ‘இன்ன இடத்தில் அழுத்தவும்’ என்று திரையில் வரும் வழிகாட்டி அவருக்கு எப்படித் தெரியும்? ஆகையால் செருகியவுடனே, கேள்வி கேட்காமல், கருவியைத் தானே அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும்படி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு.

அந்த விதிகள் அடங்கிய கோப்பைத் திறந்து 7523 என்று தேடினேன். கிடைத்தது. அந்த எண்ணுக்கு உரிய கருவியாக அங்கே குறிக்கப்பட்டிருந்தது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த பார்வையற்றோர் நூல் சேவை, அந்நாட்டு வாசகர்களுக்கு இலவசமாக இரவல் கொடுக்கும் பிரெயில் வாசிப்புக் கருவி ஒன்று. 20 கட்டங்கள் உடையது. அதை உருவாக்கியவர்கள் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு, மலிவும் எளிமையும் கருதி, மண்டித் தராசின் கேபிளில் உள்ள அதே சில்லை உள்ளே வைத்திருக்கிறார்கள். எண் சில்லுக்கு உரியது, கருவிக்கு உரியதன்று. விதி எழுதியவர்களுக்கும் இது தெரியாமலில்லை. எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘பொது அடையாளம்’ என்று அவர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு இரண்டு பழனிச்சாமிகள் இருந்தால் மணியார்டர் எந்த வீட்டுக்குப் போகும் என்ற பழைய தபால்காரர் சங்கடம்தான் இது. இரண்டாமவர் ஊருக்குக் குடிவந்தது அந்த வெள்ளிக்கிழமை இரவு.

இந்தத் தொல்லைக்கு எல்லோரும் சொல்லுகிற நிவர்த்தி, பிரெயில்டிடிஒய்யை அடியோடு நீக்கிவிடுவது. ஒரு வரிக் கட்டளை; அரை நிமிஷம். மண்டியில் பார்வையற்றவர் யாரும் கணக்கு எழுதவில்லை, ஆகவே நஷ்டமும் ஒன்றுமில்லை. கட்டளையைத் தட்டெழுதியும்விட்டேன். அழுத்தக் கை வரவில்லை.

அதற்குக் காரணம் ஒரு நண்பர். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவார். ஒரு நாள் என் மேஜையிலிருந்த, டெலிபிரிண்டருக்குத் துளை போட்ட காகித நாடாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார். அகலவாக்கில் ஐந்து துளைகள். துளை இருப்பதும் இல்லாததுமாக முப்பத்திரண்டு விதம். 1870களில் பாரிஸில் எமில் போதோ என்ற தந்திக்காரர் வகுத்த முறையின் வழிவந்தது. அதே நாட்டில் அதற்கு ஐம்பது வருஷம் முன்னால் லூயி பிரெயில் என்ற பதினைந்து வயதுப் பையன் ஆறு புள்ளிகளைக் கொண்டு அறுபத்து நான்கு விதம் வகுத்திருந்தான். “உங்களுக்கு ஒரு புள்ளி கம்மி, அதுவும் மேடா இல்லாம பள்ளமா இருக்கு” என்று என் நண்பர் சிரித்தார். ஒரு மாதத்தில் நாடாவைத் தடவியே ஊர்ப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அந்த ஆறு புள்ளிகளைப் பயன்படுத்தும் பாரதி பிரெயில், 1951இல் ஏற்பட்டது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அப்படிப்பட்டவருக்கு உதவும் ஒன்றைத் தராசுக்காக வேரோடு பிடுங்குவது, யாருக்கும் நஷ்டமில்லை என்றாலும், எனக்கு ஒப்பவில்லை. இது உணர்ச்சிவசப்பட்ட யோசனை என்று வைத்துக்கொண்டாலும் சரி. தொழில் ரீதியாகவும் வேறொரு நியாயம் உண்டு: நீக்கிய நிரல் அடுத்த அப்கிரேடில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்போது பையன் முப்பத்திரண்டு நாற்காலிகளையும் மறுபடி சோதிப்பான்.

ஆகவே தட்டெழுதியதை அழித்துவிட்டு, அந்த விதிக் கோப்பை அதே பெயரில் ‘எட்ஸி’ கோப்பகத்தின் கீழுள்ள விதிகள் பகுதிக்கு நகலெடுத்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால், ‘எட்ஸி’யில் இருப்பதே செல்லும், வீட்டுக்காரன் எழுதிய உயில் என்பதால் அப்கிரேடு அதன்மேல் கை வைப்பதில்லை. நகலில், 7523 உள்ள அந்த ஒரே வரியின் தலையில் ஒரு வேலிக் குறியைப் போட்டுச் செயலற்றதாக்கினேன். மற்றக் கருவிகளுக்கான விதிகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. விதிகளைப் புதிதாகப் படிக்கும்படி சொல்லிவிட்டுக் கேபிளைச் செருகினோம். இணைக்கப்பட்டது என்ற வரி வந்தது. ஒரு விநாடி, இரண்டு, பத்து. வேறு வரி வரவில்லை.

ரசீது நிரலில் டிடிஒய்யுஎஸ்பி0வைத் தேர்ந்தெடுத்து ஒரு விரலி மூட்டையை ஏற்றச் சொன்னேன். திரையில் கட்டங்களும் கோணல் குறிகளுமாக எதையோ கொட்டிற்று. மருமகன் என்னைப் பார்த்தான். முப்பத்திரண்டு நாற்காலி விவகாரத்தின்போது பையன் வேகத்தையும் மாற்றிப் பார்த்திருக்கிறான். தராசு விநாடிக்கு 2400 துடிப்பில் சொல்ல, கம்ப்யூட்டர் 9600இல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் டெலிபிரிண்டரில் கேட்டுப் பழகியது 50. வேகத்தைச் சரிசெய்ததும் 64.350 என்று வந்து நின்றது. மேடைக்கு அருகில் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் சிவப்பு எண்ணையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கிளம்புமுன் இன்னொரு காரியமும் செய்தேன். டிடிஒய்யுஎஸ்பி0 என்பது வந்த வரிசையில் கொடுக்கப்படும் பெயர். நாளைக்கு இன்னொரு சீரியல் சாதனம் முந்திக்கொண்டால் தராசு 1 ஆகிவிடும். ஆகையால் தராசு என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் நிரந்தரப் பெயராகச் சூட்ட ஒரு விதி எழுதினேன். இந்தச் சில்லுக்குத் தனித்தனி வரிசை எண் கிடையாது, மூன்று கேபிள்களும் மூன்று சொட்டுத் தண்ணீரைப் போல; எனவே எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. அந்தத் துளையின் மேல், மண்டியில் எதற்கும் பஞ்சமிருந்தாலும் இதற்குப் பஞ்சமில்லை என்று, மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தோம். நான்கு நாள் கழித்துப் பையனிடமிருந்து போன் வந்தது. பொட்டு வைத்த துளையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். “என் போன் சார்ஜ் ஆகுதுங்க தாத்தா” என்றான்.

அந்தச் சனிக்கிழமை இரவே நண்பரைப் போனில் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். கட்டளையை அழுத்தக் கை வரவில்லை என்ற இடத்தைச் சற்று நிறுத்தியே சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“அந்தக் கருவியில எத்தனை கட்டம்னு சொன்னீங்க?”

“இருபது.”

“இருபதா? நம்ம தமிழுக்கு ஒரு வரியில ரெண்டு வார்த்தைகூடச் சரியா அடங்காதேய்யா. நாப்பது கட்டத்துல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”